கீழ்வீட்டு ஃபேனின் சத்தம்

அன்பு அத்தைக்கு,

நீங்கள் இருந்தபோது நான் உங்களை இப்படி அழைத்ததில்லை. சமையலறையில் அருகருகே நின்றும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் நாம். ஆனாலும் இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமா மயங்கி விழுந்துவிட்டார். இப்போது நன்றாக இருக்கிறார். எந்தச் செய்தியானாலும் முடிவைக் கேட்டுவிட்டுத்தான் மீதியைக் கேட்பீர்கள் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மாடியிலிருந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. இறங்கிப் போனால் ஜன்னல்கள் சாத்தியிருந்தன, ஃபேன் நின்றிருந்தது, மாமா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தார். உடம்பு கொதித்தது. ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அதைப் பார்த்ததும் உங்கள் மகனைக் கத்திக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம்தான் கேட்டார், பக்கத்திலேயே நின்ற உங்கள் மகனிடம் இல்லை. "ஃபேன்கூட இல்லாத ரூம்லயா பெரியவரப் படுக்க வச்சிருக்கீங்க?" பிறகு கொஞ்சம் தணிந்து, "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்மா" என்றார்.

வீட்டுக்குக் கூட்டிவந்து, ஃபேனைப் போட்டு, மோர் எடுத்துவர மாடிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் ஃபேன் நின்றிருந்தது.

"யாரு மாமா நிறுத்துனது?"

"நான்தான். எதுக்குத்தா சும்மா சுத்திக்கிட்டு?"

"டாக்டர் சொன்னது காதுல விழுகலயா?"

"மில்லுல பாக்காத சூடா இது? பஞ்சுத்தூசி பறக்கும்னு அங்க ஃபேனே கெடையாது."

"மில்லுல உங்களுக்கு முப்பது வயசு."

அவர் மோரை வாங்கிக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பில்லு அவ பேருலதான வருது. இம்புட்டுப் பில்லு அவ காலத்துல வந்திருக்கா? சொல்லு."

வந்ததில்லை. போன தடவைதான் முதல்முறையாக ஐந்நூறு யூனிட்டைத் தாண்டியது. அந்தக் கோட்டைத் தாண்டினால் சலுகை விலை போய்விடும், தாண்டியதற்கு மட்டும் இல்லை, அதற்குக் கீழே ஓடியதற்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். வீடு முழுவதற்கும் ஒரே மீட்டர். மாடியில் எங்கள் அறைக்கு ஏசி வந்திருக்கிறது. நாங்கள் மேலே குளிரில் தூங்க, அவர் கீழே ஃபேனை அணைத்துக்கொண்டு வேகிறார். இதை யாரிடம் சொல்லிக்கொள்வது?

சண்டை போட்டுப் பயனில்லை என்று தெரிந்தது. அதனால் பேரம் பேசினேன். "கணக்கெடுக்க வர்றதுக்குள்ள நான் மத்த எல்லாத்தையும் கொறைக்கிறேன். ஐந்நூறுக்குக் கீழ வந்துட்டா ஃபேன் நிக்கக் கூடாது. சரியா?"

"வராட்டி?"

"வராட்டி நான் உங்ககிட்டப் பேசல."

"இப்பவும் எங்க பேசுற?" என்றார் மாமா. உங்கள் பங்குக்கும் சேர்த்து இப்போது அவரே குத்திப்பேசுகிறார், அத்தை.

அதுவரைக்கும் ஃபேனை நடுவேகத்தில் ஓடவிடச் சம்மதித்தார். ஆனால் நான் அலுவலகத்தில் இருக்கும் பகல்பொழுதுக்கு யார் சாட்சி? மதியம் போன் செய்தால், "ஓடுது, ஓடுது" என்பார். போனுக்குள் காதை வைத்துக் கேட்பேன். நம்ப முடியாது.

உங்கள் மகனும் தன் பங்குக்கு உதவினார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குள் ஏறி விற்றவனிடம் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தார். சுவரில் சொருகினால் பாதி பில் குறையுமாம். பச்சை விளக்கு ஒன்று எரிந்தது.

"எப்படிக் குறையும்?" என்று கேட்டேன்.

"கரண்ட்ட அது சுத்தம் பண்ணுதாம்."

"அந்தப் பச்ச லைட்டுக்கு யாரு காசு கட்றது?"

அவர் பெட்டியைப் பிடுங்கி அலமாரிக்குள் போட்டார். போனில் சுற்றும் யோசனைகளையும் நான் அப்படியே நம்பவில்லை. செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைத்தால் மட்டும் ஐந்நூறு நானூறாகிவிடாது. எதில் அதிகம் போகிறதோ அதில்தான் கைவைக்க வேண்டும்.

முதலில் எங்கள் ஏசி. வடிகட்டியைக் கழற்றினால் ஒரு கம்பளிபோலத் தூசி. கழுவி மாட்டி, இருபத்தாறில் வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டோம். முதல் இரவு உங்கள் மகன் புலம்பினார், மூன்றாவது இரவு போர்வையைத் தேடினார். இந்த வெயிலில் தொட்டித் தண்ணீரே சுடும்போது, பழக்கத்தால் தினமும் போட்டுக்கொண்டிருந்த கீசரை நிறுத்தினேன். தொட்டி வழிந்து தெருவில் ஓடும்வரை ஓடிய மோட்டாருக்கு, நிறைந்ததும் தானாக நிறுத்தும் கருவி வைத்தோம். கீழ்வீட்டுப் பழைய ஃபேனை மாற்றி, பாதிக்கும் குறைவாக மின்சாரம் இழுக்கும் புது வகை ஒன்றை மாட்டினோம். மாமா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சத்தமே இல்ல, இது எங்க காத்துக் குடுக்கப்போகுது" என்றார்.

மொட்டைமாடிக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெள்ளையடித்தோம். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, பொங்கலுக்கு இப்பவே ஆரம்பிச்சாச்சா?" என்று உங்கள் மகனிடம் கத்தினார். சிரித்துக்கொள்ளட்டும். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. மாடிச்சுவரை ராத்திரி தொட்டால் முன்புபோல் சுடவில்லை, ஏசியும் சீக்கிரம் ஓய்கிறது. கீழே மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கனத்த தட்டி கட்டினேன். காலையில் ஜன்னல்களைத் திறந்து, வெயில் ஏறுமுன் சாத்தி, பொழுது சாய்ந்ததும் மறுபடி திறக்க மாமாவைப் பழக்கினேன்.

அப்படியும் மீட்டரின் எண்கள் நான் நினைத்த அளவு தணியவில்லை. கணக்கெடுக்க வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் மாடியில் எல்லாவற்றையும், ஃபிரிட்ஜையும் சேர்த்து, நிறுத்தினேன். கீழே ஃபேன், விளக்கு, டிவி எல்லாம் அணைத்தேன். மீட்டருக்கு முன்னால் வந்து நின்றேன். கரண்ட் ஓடினால்தான் மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டும், எதுவும் ஓடாத வீட்டில் சிமிட்டக் கூடாது. அது சிமிட்டிக்கொண்டேயிருந்தது.

எங்கே போகிறது? காதைத் தீட்டியபோதுதான் பின்னறையிலிருந்து உறுமல் கேட்டது. உங்கள் பழைய ஃபிரிட்ஜ். நீங்கள் போன பிறகு மாமாவுக்குச் சாப்பாடு மாடியில்தான். அதை அப்போதே நிறுத்திவிட்டோம் என்றே நினைத்திருந்தேன். கதவின் ரப்பர் கிழிந்து, குளிர் வெளியே கசிய, அது இரவும் பகலும் ஓயாமல் ஓடியிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினேன்.

"அத மட்டும் தொடாதத்தா."

மாமா அறைவாசலில் நின்றார். அவரிடம் அப்படியொரு குரலை நான் கேட்டதில்லை.

"ஏன் மாமா? உள்ள என்ன இருக்கு?"

நான் திறந்தேன். ஒரு தண்ணீர் பாட்டில். கதவுத் தட்டில் உங்கள் இன்சுலின் மருந்து, பிரிக்காத இரண்டு அட்டைப்பெட்டிகள்.

"கரண்ட் இல்லாட்டிக் கெட்டுப்போகும்ல" என்றார்.

காலையும் மாலையும் உங்களுக்கு ஊசி போட்டவர் அவர்தானே. நர்சு சொல்லிக்கொடுத்தும் என்னைத் தொடவிட மாட்டீர்கள், உங்கள் மகனையும் விடமாட்டீர்கள். அவர் கைதான் நோகாது என்பீர்கள்.

நான் வேதியியல் படித்தவள். பெட்டியில் போட்டிருந்த தேதி முடிந்திருந்தது. அதைச் சொல்லவில்லை. யாருக்காக வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. ஆனால் நான் கேட்காததற்கும் சேர்த்து அவரே ஒரு கணக்குச் சொன்னார்.

"இது ரொம்ப இழுக்குதுன்னு தெரியும்த்தா. அதான் ஃபேன நிறுத்துனேன். அதுக்கும் இதுக்கும் சரியாப் போகும்ல."

அத்தை, இத்தனை நாளும் நான் அவரைக் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு சண்டை போட்டேன். அவரோ தன் காற்றை உங்கள் மருந்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். உயிரே போயிருக்குமே. உங்களுக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. மாடிக்குப் போய் என் ஃபிரிட்ஜைத் திறந்து, கதவின் மேல்தட்டில் இருந்த சாஸ் பாட்டில்களையும் ஊறுகாயையும் எடுத்துவிட்டு, தட்டைத் துடைத்தேன். கீழே வந்து சொன்னேன்.

"மேல இடம் இருக்கு மாமா. அது எப்படியும் ஓடத்தான போகுது. இதுக்குன்னு தனியாக் கரண்ட் வேணாம்."

மாமா துண்டை நனைத்துப் பிழிந்து, இரண்டு பெட்டிகளையும் அதில் சுற்றி, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படி ஏறினார். நான் பின்னால் போனேன். வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. தட்டில் அவரே வைத்தார். "கதவ அடிக்கடி தொறந்து போடக் கூடாது" என்றார். கீழே போய்ப் பிளக்கையும் அவரே பிடுங்கினார். உறுமல் நின்றதும் வீடே காலியானதுபோல் இருந்தது.

அன்றிலிருந்து ஃபேன் ஓடுகிறது. சத்தமே இல்லை என்று அவர் குறைசொன்ன அந்த ஃபேனுக்கு மெல்லிய ரீங்காரம் ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் நாட்களில் மாடிப்படி உச்சியில் நின்று அதைக் கேட்கிறேன்.

முந்தாநாள் மதியம் அது சட்டென்று நின்றது. செருப்புக்கூடப் போடாமல் சுடும் படிகளில் ஓடி இறங்கினேன். மாமா கட்டிலில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் இல்லத்தா! கரண்ட் போயிருச்சு."

சிரித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து, கரண்ட் வரும்வரை பழைய காலண்டர் அட்டையால் அவருக்கு விசிறினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கணக்கெடுக்க இன்னும் ஆள் வரவில்லை. ஐந்நூறுக்குக் கீழே வரும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் பெயருக்கு எவ்வளவு பில் வந்தாலும் வரட்டும், கீழ்வீட்டு ஃபேனை நிற்கவிட மாட்டேன். மருந்து மேல்தட்டில் பத்திரமாக இருக்கிறது. மாமாவே எடுக்கச் சொல்லும்வரை அந்தத் தட்டில் வேறெதுவும் வைக்க மாட்டேன். கதவையும் திறந்த கையோடு மூடிவிடுகிறேன்.

மேல்வீட்டிலிருந்து,
உங்கள் மருமகள்