பலாமரத்தடிச் சருகு

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் அலுமாரியின் மேல்தட்டில் போர்வை தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் தூரக்கண்ணாடி கைக்கு வந்தது. உறையைத் திறந்ததும் தைல மணம். காலையும் மாலையும் நெற்றிப்பொட்டில் நீங்கள் பூசிக்கொள்ளும் அந்தத் தைலம், கண் வைக்கிற கறுப்பு ரப்பர் வளையங்களில் ஊறிப்போய் இன்னும் இருக்கிறது. நான் அதைக் கண்ணில் வைக்கவில்லை. மூக்கருகே பிடித்தபடி கட்டிலில் இருந்துவிட்டேன். உங்கள் தம்பி வந்து பார்த்தார். போர்வையை அவரே தேடி எடுத்துக்கொண்டு போனார்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த வருசம் கதிரவெளியிலிருந்து அவர் உங்களைக் கூட்டிவந்த நாள் ஞாபகம் வந்தது. யாரோ கொடுத்த சட்டை, யாரோ கொடுத்த செருப்பு. வீடு போயிருந்தது. மாமியும் போயிருந்தார். "ஒரு கிழமை நிப்பன், மறுகா போயிருவன்" என்றீர்கள். போவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் சண்டையும் வந்து ஊரே இடம்பெயர்ந்தது. அமிர்தகழியில் நானும் அவரும் குடியிருக்கிற வீட்டின் பின்வளவிலேயே உங்களுக்கென்று ஓர் அறை கட்டினோம்.

எங்கள் வளவு வாவியில் போய் முடிகிறது. வீட்டுக்கு வருகிற எவரும் கதிரையை வாவியைப் பார்த்துத்தான் போடுவார்கள். நீங்கள் அதற்கு முதுகைக் காட்டிப் போட்டீர்கள். நான் விளங்காமல் ஒருநாள் அதைத் திருப்பி வைத்தேன். நீங்கள் எழுந்து மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தீர்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதன்பிறகு அந்தக் கதிரையை நான் தொடவில்லை. வருடக்கணக்கில் அது அப்படியே கிடந்தது.

அந்த நாட்களில் நமக்குள் கதை குறைவு. நான் வந்தாறுமூலைக்குப் பஸ் பிடித்துப் போய், பல்கலைக்கழக நூலகத்தில் வேலை முடித்துக் களைத்து வருவேன். நீங்கள் இளம் வயதிலிருந்து தபால் கந்தோரில் தொலைபேசி இணைத்துக் கொடுத்தவர். "ஹலோ எண்டு சொன்னாப் போதும், ஆள் ஆரெண்டு சொல்லிப்போடுவன்" என்பீர்கள். அது வீண் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு காலை நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கிறேன். சுவரைப் பார்த்தபடியே நீங்கள் சொன்னீர்கள்:

"இப்பக் கத்தினது ஆண் குயில். அங்கால மறுமொழி சொல்றது பொண்."

"எல்லாம் ஒரே இரைச்சலாத்தானே கிடக்கு, மச்சாள்."

"உனக்குக் காது இரிக்கி. கேக்கிற பழக்கம்தான் இல்ல."

பிறகு அந்தக் கானாங்கோழி வந்தது. கரையோரச் சேற்றில் நிற்கிற கண்ணாப் பத்தையில் குஞ்சு பொரித்திருந்தது. அது நாள் முழுக்கக் கத்துகிற சாதி. அன்று அது கத்தியபோது நான் கவனிக்கவும் இல்லை. நீங்கள் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

"அது சும்மா கத்தல்ல, புள்ள. தாய் கத்துது."

எழுந்தீர்கள். ஒரு தடவை கூடப் போகாத அந்தப் பக்கமாக நடந்தீர்கள். நான் சவர்க்காரக் கையோடு பின்னால் ஓடி வந்தேன். யாரோ எறிந்துவிட்டுப்போன தங்கூசி வலைத் துண்டில், கறுப்புப் பஞ்சுபோல ஒரு குஞ்சு சிக்கிக் கிடந்தது. அது தண்ணீருக்குள் கிடந்தது. நீங்கள் ஒரு கணம்தான் நின்றீர்கள். பிறகு சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினீர்கள். முழங்கால்வரை சேறு. குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி, நைலோன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தீர்கள். விட்டதும் அது தாயிடம் ஓடியது. நீங்கள் மட்டும் தண்ணீருக்குள் நின்றபடியே உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இந்தக் கையிலதான் அம்மாட கை இருந்த. வழுகிற்று."

அதற்கு முன்னும் நீங்கள் அதைச் சொன்னதில்லை, பிறகும் சொன்னதில்லை. நானும் இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது, கதிரை வாவியைப் பார்த்துக் கிடந்தது. பக்கத்தில் இன்னொரு கதிரையும் போட்டிருந்தீர்கள்.

அந்த இரண்டாவது கதிரையில் இருந்துதான், மச்சாள், எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. காலையில் பஸ்ஸுக்கு முன் ஒரு தேத்தண்ணி, பின்னேரம் வந்ததும் ஒரு தேத்தண்ணி. நீங்கள் காதால் பிடிப்பீர்கள், நான் கண்ணால் தேடுவேன். "ஜாம் மரத்தில குக்குறுவான். கொஞ்சம் இடப்பக்கம். இல்லகா, அவ்வளவு கீழ இல்ல." நீங்கள் சொன்ன இடத்தில் அந்தப் பச்சைக் குருவி இலையோடு இலையாக இருக்கும். நம்மைப் பார்த்து உங்கள் தம்பி கொழும்பிலிருந்து தூரக்கண்ணாடி வாங்கி வந்தார். "எனக்கு இது என்னத்துக்கு? அவளுக்குக் குடு" என்றீர்கள். அடுத்த கிழமையிலிருந்து அது உங்கள் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிவிட்டால், வளவில் கத்தித் திரிகிற புலுனிக் குருவிக் கூட்டம் முழுவதும் எங்கோ போய்விடும். அந்த நாட்களில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. "சேர்ச்சுக்குப் போற நான் எப்பிடிக் கேக்கிற? நீ போய்ச் சாமியிட்டச் சொல்லு, என்ட புலுனியத் திருப்பி விடச் சொல்லி" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சியைப் பிடித்து அனுப்புவீர்கள். அவளும் சிரித்துக்கொண்டே கும்பிடப் போவாள்.

நாம் பிடித்த ஒரே சண்டை சருகுக்காக. விளக்குமாறு பிடித்து வளவைக் கண்ணாடிபோல வைத்திருப்பது என் பெருமை. பலாமரத்தடிக்குப் போனால் நீங்கள் குறுக்கே வந்து நிற்பீர்கள்.

"அதக் கூட்டாத. ஆறுமணிக்குருவி வாற நேரம்."

"ஆக்கள் பாத்தா என்ன சொல்லுவாங்க, மச்சாள்? ரெண்டு பொம்பளையள் இருந்தும் வளவு குப்பையெண்டு."

"சொல்லட்டும். அவ்வளவு தூரத்தால வாறவருக்குச் சாப்பாடு அந்தச் சருகுக்குள்ளதான் கிடக்கு."

மாரி மழை தொடங்குகிற கையோடு அது வந்துவிடும். இந்தியாவிலிருந்து தனியே கடலைக் கடந்து வந்து, நம் பலாமரத்தடியில் சருகைக் கிளறிக்கொண்டு நிற்கும். பச்சை முதுகு, வால் அடியில் செம்பரத்தைச் சிவப்பு. பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு சீழ்க்கை. பார்த்த முதல் வருசம் நீங்கள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். "இத்தினியூண்டு உடம்பு. அவ்வளவு கடலையும் தாண்டி வந்திரிக்கி" என்றீர்கள். கடல் என்ற சொல்லை உங்கள் வாயால் நான் கேட்டது அன்றுதான். அதன்பிறகு அந்த மூலையை நானும் கூட்டவில்லை.

வயிற்றுவலி என்று நீங்கள் சொல்லத் தொடங்கியபோது புற்று பரவிவிட்டிருந்தது. கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உங்கள் தம்பி பக்கத்தில் அறை எடுத்து நின்றார். நான் சனி ஞாயிறுகளில் பஸ்ஸில் வந்து போனேன். மற்ற நாட்களில் பார்வையாளர் நேரத்தில் அவர் அழைப்பார், உங்கள் காதில் போனை வைப்பார். நான் என் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி நடப்பேன்.

"கிட்டப் போகாத, பறந்திரும். மதிலடியில நில்லு."

"சரி, மச்சாள்."

"கொண்டைக்குருவி. ரெண்டு நிக்கி."

"ஓம். ரெண்டுதான்."

"இது நம்மட செண்பகம் இல்ல. குரல் இளசு. வேற ஆள் வந்திரிக்கி."

பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள அம்மா இருந்தாவாம். நீங்கள் போனை அவவின் காதிலும் வைப்பீர்களாம். உங்களுக்குச் சிங்களம் அரைகுறை, அவவுக்குத் தமிழ் இல்லை. இரண்டு பேரும் ஒரு செண்பகத்தைக் கேட்டுச் சிரித்தீர்கள் என்று உங்கள் தம்பி சொன்னார்.

கடைசியாகக் கதைத்த அன்று உங்கள் குரல் நூலாகிப் போயிருந்தது.

"ஆறுமணி வந்திரிச்சா?"

"இன்னும் இல்ல, மச்சாள்."

"மழை?"

"நேத்துத்தான் தொடங்கின."

"அப்ப வரும். சருகக் கூட்டிப்போடாத, என்ன?"

"கூட்ட மாட்டன்."

பிறகு புலுனிகள் அடையப் போகிற சத்தம் மட்டும் இருந்தது. "கேக்கிறீங்களா?" என்றேன். "கேட்டுக்கொண்டுதான் இரிக்கன்" என்றீர்கள்.

மறுநாள் காலை அவர் அழைத்தார், பேசவில்லை. ஆஸ்பத்திரி நடையில் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. எனக்கு விளங்கிவிட்டது.

உங்களைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தோம். போதகர் வந்தார், சனம் வந்தது. நான் அழவில்லை, மச்சாள். வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துக் கொடுத்தேன், தேத்தண்ணி போதுமா என்று பார்த்தேன். எல்லோரும் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள். முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனபோது புகை மணத்தது. பின்வளவு முழுவதும் சுத்தமாக இருந்தது. பலாமரத்தடியில் விளக்குமாற்றுக் கீறல் வரிவரியாக ஓடியது. மூலையில் ஒரு சாம்பல் குவியல்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி, வேர்த்துப்போய், விளக்குமாறும் கையுமாக நின்றாள். "பின்னுக்கெல்லாம் கூட்டி எரிச்சாச்சு அக்கா. சனம் இருக்க இடம் வேணுமே. நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க."

நான் அந்த வெறும் மண்ணில் விழுந்தேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள்ளிருந்து வரும் என்று நான் அறிந்ததில்லை. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "விடுங்க, அழட்டும். காலையில இருந்து அடக்கிக்கொண்டு நிண்டவ" என்று யாரோ சொன்னார்கள். சாம்பலைக் கையால் அள்ளி அள்ளிப் பார்த்தேன். ஒரு இலைகூட முழுதாக மிஞ்சவில்லை. அவளில் எனக்குக் கோபம் இல்லை. அவளும் உங்களுக்காகத்தான் கூட்டினாள்.

பந்தல் கழற்றிய மறுநாள் உரப்பையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"தங்கச்சி, உங்கட மாமரத்துச் சருகு கொஞ்சம் வேணும்."

"சருகா? என்னத்துக்கு அக்கா?"

சொன்னேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அன்று பின்னேரம் ஒழுங்கை முழுவதும் கேட்டுச் சேர்த்த சருகை மூட்டை மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். உங்கள் தம்பி முழந்தாளிட்டிருந்து, நோயாளிக்குப் பாய் விரிக்கிறதுபோல, அதைக் கையால் பரப்பினார்.

குருவி வரவில்லை. அந்த மாரி முழுக்கப் பின்னேரங்களில் நானும் அவரும் அந்தக் கதிரைகளில் இருந்தோம். மற்றதெல்லாம் வந்தது. நீங்கள் வைத்த மண்சட்டியில் புலுனிகள் ஒன்றும் நடக்காததுபோலக் குளித்து, ஒன்றையொன்று தள்ளி, தண்ணீர் தெறித்துக் கூச்சல் போட்டபோது, எனக்குப் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்தேன். சட்டி உடைந்தது. அவர் எழுந்து போய் வேறொரு சட்டியில் தண்ணீர் நிறைத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் வைத்தார். இந்த வருச மாரிக்கும் அது வரவில்லை. வழியில் என்ன நடந்ததோ, இல்லை வேறு யாருடைய வளவில் நிற்கிறதோ.

போன கிழமை உங்கள் தம்பி கதிரவெளிக்குப் போனார். கடல் வந்த பிறகு அவர் அந்தக் காணிக்குள் கால் வைத்ததே இல்லை. உங்களுக்கு அங்கே ஒரு கல்லாவது நட வேண்டும் என்று இப்போதுதான் அவருக்கு மனம் வந்தது. என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னேரம் நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருக்கும்போது அவருடைய அழைப்பு வந்தது. "ஹலோ" என்றேன். பதில் இல்லை. பெரிய காற்று. காற்றுக்குப் பின்னால் கடல். அவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று விளங்கியது. ஏணியில் பாதியில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டேன். அலை வந்து விழுந்தது, இழுத்துக்கொண்டு போனது, மறுபடி விழுந்தது. இரண்டு அலைக்கு இடையில், தூரத்தில், வெறுங்காணியில் எங்கோ, ஒரு கூர்மையான கூப்பாடு.

"ஆள்காட்டி" என்றேன். "ரெண்டு. கிட்ட எங்கயோ கூடு இரிக்கி, காலப் பாத்து வைங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது, அது நீங்கள் சொல்கிற மாதிரி இருந்தது. பிறகு உங்கள் தம்பி, சின்னப் பிள்ளைபோல, கேட்டார்:

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன், மச்சாள்.