வெள்ளைத் தாளுக்குப் பின்னால்

அன்புள்ள நானா,

உங்கள் கேமராப் பையில் நாலாக மடித்த வெள்ளைத் தாள் ஒன்று இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, ஒரு மூலையில் தேநீர்க் கறை படிந்திருந்தது. நீங்கள் மௌத்தாகி அடக்கமும் முடிந்தபின் பதுளையில் உங்கள் வீடியோக் கடையைக் காலி செய்தபோது, தேயிலைத் தோட்டத்துப் பேட்டிகளாக நாம் சேர்ந்து எடுத்த கசெட்டுகளோடு பையையும் உங்கள் மனைவி, ராத்தா, எனக்கு அனுப்பிவிட்டார். தாளை மேசையில் விரித்து வைத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போனேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அடுத்த நாள் ராத்தா தொலைபேசியில் பேசினார். "அவரு நடக்கிற மாதிரி, பேசுற மாதிரி அதுல ஏதாச்சும் இருக்கா மிஸ்? ஐடி கார்ட் படம் இருக்கு. அது அசையாதே."

வீட்டில் படம்பிடித்த எல்லாமே நீங்கள் எடுத்தவை. பெருநாள், மகளின் கல்யாணம், பேரப்பிள்ளை தவழ்ந்தது, எல்லாவற்றிலும் நீங்கள் போனுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். குரல்கூட இல்லை. பதிவு ஓடும்போது வாயை மூடிக்கொள்வது உங்கள் தொழில் பழக்கம். "கேமராக்காரன் படத்துல விழுந்தா அது பிழை மிஸ்" என்பீர்கள்.

தேடுகிறேன் என்று சொன்னேன். கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

ஒவ்வொரு கசெட்டும் வெள்ளையாகத்தான் தொடங்குகிறது. நான் தாளைப் பிடிக்க, அது சட்டகம் முழுவதும் நிறையும்படி ஸூம் செய்து, பத்து எண்ணும்வரை பதிவுசெய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவீர்கள். "பனியில எல்லாம் நீலமாப் போயிரும். இதுதான் வெள்ளைன்னு கேமராவுக்கு ஒருக்கா காட்டிக் குடுக்கணும்." நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் பொத்தான் இருக்கும்போது இது எதற்கு என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். உங்கள் விளக்கத்தில் எனக்கு முழு நம்பிக்கை வந்ததே இல்லை.

லுணுகலைக்கு மேலே உள்ள தோட்டத்தில் அதே கேள்வியைக் கேட்டபோது உங்களுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இந்தாங்க, நீங்களே பாருங்க" என்று கேமராவை என்னிடம் விட்டுவிட்டுத் தாளைப் பிடுங்கிக்கொண்டு எதிரே போய் நின்றீர்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நமக்காகக் காத்திருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க அது, வெறுந்தாளா?" என்றார் ஒருவர். "கையெழுத்து வாங்கவா கொண்டாந்தீங்க? வெறுந்தாளுல நாங்க போட மாட்டோம்."

"போடாதீங்கம்மா. கேமராதான் போடப்போகுது" என்றீர்கள்.

"அதுக்கும் சங்கத்துல கேட்டுட்டுப் போடச் சொல்லுங்க!" அந்த வாசலே சிரித்தது.

அந்தக் கசெட்டை நான் கடைசியில்தான் கண்டெடுத்தேன். ஒலியில் அந்தச் சிரிப்பு அடங்குகிறது. திரையில் வெள்ளை. தாளின் ஓரங்களில் இரண்டு பெருவிரல்கள். பிறகு உங்கள் குரல்:

"என் மூஞ்சி தெரியுதா மிஸ்?"

"முடி மட்டும் தெரியுது நானா."

"அப்ப பிழை. இன்னும் கிட்ட வாங்க."

ஸூம் நெருங்குகிறது. பதிவு தொடங்குமுன் தாளுக்கு மேலே உங்கள் நெற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பதிவுப் பொத்தானை நான் அழுத்தியது பிந்தி. தாளின் மேல் விளிம்பில் கொஞ்சம் நரைமுடி, அதுவும் நகர்ந்து வெளியே போகிறது. இப்போது வெள்ளை மட்டும்.

"இப்ப?"

"இல்ல."

"அப்ப சரி. பத்து எண்ணுங்க."

எண்ணியிருக்கிறேன், அவசரமாக. உங்களை நான் படம்பிடித்தது அந்த ஒருமுறைதான். நீங்கள் சொன்னபடியே, ஒரு பிழையும் இல்லாமல் செய்திருக்கிறேன்.

ராத்தாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். முகம் இல்லை, வீணாக அலைய வேண்டாம் என்றேன். மறுநாளே பஸ் ஏறி பண்டாரவளைக்கு வந்துவிட்டார். நான் கணினியில் ஓடவிட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். துண்டு ஓடி முடிந்தது.

"இன்னொருக்கா போடுங்க மிஸ்."

போட்டேன்.

"இந்தா, இந்த நகம். ஸ்டாண்டு காலுல மாட்டி வெடிச்ச நகம். நான்தான் மஞ்சள் வச்சிக் கட்டினேன்." திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "அசையுது."

காற்றில் தாள் படபடக்க, நீங்கள் அதை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். இடது பெருவிரல் ஒருமுறை நகர்ந்து அமர்கிறது. அத்தனை தடவை பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. ஐந்தாறு முறை பார்த்தபிறகு ராத்தா அந்தத் துண்டைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார். தேநீர் குடிக்காமல் போய்விட்டார்.

போன வாரம் அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் படப்பிடிப்பு. கேமரா புதியது, தாள் தேவையில்லை. ஆனாலும் உங்கள் தாளை எடுத்துப் பேட்டி தரவிருந்த பெண்ணிடம் கொடுத்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்று, வெள்ளை நிறையும்வரை நெருங்கினேன்.

"மொகம் மறையுதுங்களே, பரவாயில்லையா?" என்று தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"கொஞ்சம் தாளை இறக்குங்க" என்றேன். ஸூமையும் பின்னுக்கு இழுத்தேன். நெற்றி வந்தது, பிறகு கண்கள். நீங்கள் பார்த்திருந்தால் பிழை என்றிருப்பீர்கள்.

பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு மெதுவாகப் பத்து எண்ணினேன்.