சந்தனம் வைத்த ஹார்டு டிஸ்க்

8 ஜூன் 2025, ஞாயிறு

இன்றுதான் கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டிகளைப் பிரித்தேன். மதர்போர்டு, ரேம், பவர் சப்ளை, கேபினெட். மாமா ஆசையாக வாங்கி வைத்துப் பத்து மாதம் ஆகிறது. “எடுத்த வீடியோ அத்தனையும் ஒரே பெட்டியில ஏத்திட்டா நம்ம வூட்டு டிவிலயே பாக்கலாம், சுதா” என்றார். மூன்றாம் நாள் பக்கவாதம் அடித்தது.

இப்போது அவர் வாயில் வருவது ஒரே சொல். “இல்ல.” தண்ணி வேணுமா? இல்ல. கொடுத்தால் குடிக்கிறார். வேண்டும் என்பதற்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். வீம்பு இல்லை, வேறு சொல் வருவதில்லை என்றார் டாக்டர்.

ஊர் முழுக்கக் கல்யாண வீடியோ எடுத்த மாமா, என் வீட்டுக்காரர் கலைவேந்தன், ஒன்றிலும் தன் முகத்தைக் காட்டியதில்லை. குரலையும் பாட்டுப் போட்டு மூடிவிடுவார். ஹார்டு டிஸ்க்கில் இருக்கிற வெட்டாத ஒரிஜினலில்தான் அது கேட்கும். கல்யாணமான முதல் வருஷம் லைட் பிடிக்க நான் கூடப் போனேன். அந்த வருஷத்து டிஸ்க்கில் வாய் ஓயாமல் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். அதை ஒருதரம் கேட்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

15 ஜூன், ஞாயிறு

போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். சன்னமான வயர்கள் வேறு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. சுவிட்சை அழுத்தினால் சத்தமே இல்லை.

மாமா கட்டிலில் உட்கார்ந்தபடி இடது கையை நீட்டி நீட்டி “இல்ல, இல்ல” என்றார். அவருக்குத் தெரிகிறது. சொல்ல வரவில்லை. எனக்குச் சொல்ல வரும், ஒன்றும் தெரியாது. நல்ல ஜோடி.

“இல்லன்னா இன்னா மாமா? எது இல்ல? சொல்லித் தொலையேன்!”

சொல்லிவிட்டேன். மாமாவின் அம்மா, வள்ளியம்மாள் அத்தை, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

16 ஜூன்

கத்தியிருக்கக் கூடாது.

22 ஜூன், ஞாயிறு

கேபினெட்டை அவர் மடிக்கே கொண்டுபோய் வைத்தேன். இடது கையை உள்ளே விட்டு, பின்பக்கம் சும்மா தொங்கிய ஒரு வயரைப் பிடித்து இழுத்தார். பிராசசருக்குக் கரண்ட் போகிற வயர்! அதைச் செருகினேன். ஃபேன் சுற்றியது. “இல்ல” என்று சிரித்தார். அந்த ஒரு ‘இல்ல’ எனக்குப் புரிந்தது.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். இருக்கிற நாலு டிஸ்க்கையும் மாட்டினேன். மூன்று வந்தன. முதல் வருஷத்து டிஸ்க் மட்டும் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. ஏன் அது மட்டும்? பத்துத் தடவையாவது அணைத்து அணைத்துப் போட்டேன்.

24 ஜூன், செவ்வாய்

கம்பெனிக்கு அரைநாள் லீவு. கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வில்லியனூர் போனேன். கம்ப்யூட்டர் கடை சிங்காரவேலு டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, சந்தனமா?”

“ஆயுத பூஜைக்கு வெச்சதுங்க.”

“இந்தத் தொளைய மூடாதன்னு இங்கிலீஷ்ல எழுதியே இருக்குதும்மா. ஈரம் உள்ள எறங்கிடுச்சு. அதோட கரண்ட்டு வேற குடுத்து சுத்த வுட்டிருக்கீங்க. உள்ள தட்டு கீறிப்போயிருக்கும்.”

“சென்னைக்கு அனுப்பினா?”

பிரயோசனமில்லை என்று தலையை ஆட்டினார். மீதி மூன்றையும் டிவியில் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தார். பெரிய உபகாரம்தான். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

25 ஜூன்

நான்தான் வைத்தேன். வருஷா வருஷம் கேமராவுக்கும் ட்ரைபாடுக்கும் அவர் பொட்டு வைப்பார். போன வருஷம் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிது, எழுந்து நிற்க முடியாது. பூஜை நின்றுபோனால் தொழிலும் நின்றுபோகும் என்று பயந்தேன். மற்ற டிஸ்க்குகளுக்குத் தொட்டுத்தான் வைத்தேன். இது எங்கள் முதல் வருஷம் ஆயிற்றே என்று குழைத்துக் குழைத்துப் பெரிதாக வைத்தேன். மேலே சின்ன வட்டம், நடுவில் ஒரு ஊசித்துளை. பொட்டுக்கென்றே விட்ட இடம்போல இருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. யாரிடம் சொல்லி அழ? அவரிடம் சொன்னேன். “இல்ல” என்றார்.

29 ஜூன், ஞாயிறு

இருக்கிறதையாவது காட்டுவோம் என்று, பட்டியலில் முதலில் நின்ற கிருமாம்பாக்கம் கல்யாணத்தைப் போட்டேன். “அண்ணே, கொஞ்சம் நவுருங்க. பொண்ணு, இங்க பாரும்மா” — அவர் குரல்!

மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. டிவியை அணைத்துவிட்டேன். இதற்காகவா இத்தனை பாடு?

3 ஜூலை

எழுத ஒன்றுமில்லை.

11 ஜூலை, வெள்ளி

அத்தை நூறு நாள் வேலைக்குப் போனால் மதியம்வரை மாமா தனிதான். டிவி பார்ப்பதில்லை என்று நினைத்திருந்தேன். திங்கட்கிழமை தற்செயலாக டிவியைப் போட்டால், ‘தொடர்ந்து பார்க்க’ என்ற இடத்தில் அதே கிருமாம்பாக்கம் கல்யாணம் நிற்கிறது. விட்ட இடம், நாற்பத்தொன்றாவது நிமிடம். நான் நிறுத்தியதோ இரண்டாவது நிமிடத்தில்.

வேண்டுமென்றே ஆரம்பத்துக்குத் தள்ளி வைத்துவிட்டுப் போனேன். மறுநாளும் நாற்பத்தொன்று. புதன், வியாழன், இன்றும் அதேதான்.

அவர் தூங்கும்போது சத்தத்தைக் குறைத்து, கொஞ்சம் முன்னாலிருந்து ஓடவிட்டேன். தாலி கட்டப் போகிறார்கள். ஓரத்தில் பச்சைப் புடவையில் ஒருத்தி லைட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். நான்தான். முதல் வருஷத்துக்கு அப்புறம் நடந்த கல்யாணம் அது; அன்று லைட்காரர் வரவில்லை, அவசரத்துக்கு நான் போனேன். எனக்கு மறந்தே போயிற்று. அவருக்கு மறக்கவில்லை.

“சுதா, லைட்ட தூக்கு. சுதா, இன்னும் கொஞ்சம். அப்டித்தான், சுதா.”

மூன்று தரம்.

12 ஜூலை, சனி

ரிமோட்டை அவர் இடது கைக்கு எட்டும்படி வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“போய்ட்டு வரட்டா மாமா?”

உதட்டைக் குவித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் வாசலிலேயே நின்றேன்.

“இல்ல.”

கம்பெனி பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி தினமும் சீக்கிரமே கிளம்பிவிட வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் என் பேரைச் சொல்லிப் பழக மாட்டார்.