பூசை அறைப் படி

ஆடி 16, வெள்ளி

காலையில் பூசை அறைப் படி தடுக்கி அத்தை மறுபடியும் விழுந்தார்கள். இந்த மாதத்தில் மூன்றாவது முறை. உதடு கிழிந்து, நான் படிக்குப் பூசிய மஞ்சள்மேல் ரத்தம். கடப்பாரையை எடுத்து அந்தப் படியை இடித்தேன்.

"ஏட்டி, மகாலட்சுமி இருக்க எடம்டி" என்று ஊன்றுகோலால் என் முதுகிலும் தோளிலும் அடித்தார்கள்.

"அடிங்க அத்தை. அடிச்சுட்டு உக்காருங்க" என்றேன். கடைசிக் கல் பெயரும்வரை நிறுத்தவில்லை.

அப்போதுதான் ராஜபாளையம் மில்லிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். "அம்மா கும்பிட்ட படிய ஒடைக்க, ஒனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு?" என்று கடப்பாரையைப் பிடுங்கி எறிந்ததில் துளசித் தொட்டி உடைந்தது.

சாயங்காலம் விளக்கேற்ற வந்த அத்தை, படி இல்லாத இடத்திலும் பழக்கத்தில் காலை உயரத் தூக்கினார்கள். ஒற்றைக் காலில் தள்ளாடினார்கள். பாய்ந்து பிடித்தேன்.

"தொடாத. படிய இடிச்ச கைடி அது."

சொன்னார்களே தவிர, கையை விடவில்லை. நகம் பதிந்திருக்கிறது.

படியை இடித்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். நிலைக்குப் பக்கத்தில் கைப்பிடி பதிக்கக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை இந்தக் கைதான். தோள் வீங்கிவிட்டது. இதற்குமேல் எழுத முடியவில்லை.