புல் ஏன் கருகியது

விருந்தினர் விடுதி,
மாமல்லபுரம் கடற்கரைச் சாலை,
11-2-1974

அன்புள்ள சாராளுக்கு ஏசுபாதம் எழுதுவது.

நான் சுகம். ஊரப்பாக்கத்தில் உன் அண்ணன் வீட்டில் நீயும் மார்கரெட்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது, ஒரு கார்டுகூடப் போடவில்லை. நானும் போடவில்லை என்பாய். சரி, நான் முதலில் போட்டுவிட்டேன்.

ஒரு அவசரம். நான் இப்போது வேலை பார்க்கும் விடுதிக்கு முன்னால் இருக்கும் புல்வெளி என் பொறுப்பு. பத்து நாளாகப் புல் திட்டுத் திட்டாக மஞ்சளாகி வைக்கோலாகக் காய்கிறது. முதலில் கொடிக்கம்பத்துப் பக்கத்தில் ஒரு பாய் அகலம்தான் இருந்தது. இப்போது ஏழு இடம். காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

மே ஐந்தாம் தேதி கம்பெனி டைரக்டர் அம்மா வருகிறார்கள். நேற்று சூப்ரண்டு ராஜாராம் சார் என்னைக் கூப்பிட்டு, "அன்னிக்கு லான் பச்சையா இருந்தா உனுக்கு பர்மனென்ட் ஆர்டர், குவார்ட்டர்ஸ் சாவி, ரெண்டும் உண்டு. இல்லாங்காட்டி மூட்டையக் கட்டிக்கினு போய்க்கினே இரு" என்றார். குவார்ட்டர்ஸ் இரண்டு அறை, ஓட்டுக் கூரை, வாசலிலேயே குழாய். இந்தக் கீற்றுக் குடிசை மாதிரி மழைக்கு ஒழுகாது. கிடைத்தால் உன்னையும் குழந்தையையும் அழைத்துக்கொள்வேன். அதற்குத்தான் இந்தப் பாடு.

நீ அங்கே நர்சரியில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள். பதில் போடு.

ஏசுபாதம்


ஊரப்பாக்கம்,
16-2-1974

மார்கரெட்டின் அப்பாவுக்கு சாராள் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. குழந்தைக்குப் பொங்கல் சமயத்தில் அம்மை போட்டு இறங்கியது. இப்போது நன்றாக இருக்கிறாள். கேட்டிருந்தால் அப்போதே எழுதியிருப்பேன்.

குவார்ட்டர்ஸ் இல்லை என்றா நான் வந்தேன்? செங்கல்பட்டில் நாம் இருவரும் வேலை பார்த்த வக்கீல் வீட்டு வராந்தாவில் பன்னிரண்டு குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருந்தார்கள். நீங்கள் தினம் தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரை அழுக வைத்தீர்கள். அந்த அம்மா கேட்டபோது, "என் பெண்சாதி சோப்புத் தண்ணியை ஊத்திட்டா" என்றீர்கள். எத்தனை பேர் நின்றார்கள் அங்கே! என் வேலையும் போனது, மானமும் போனது. அதற்காக வந்தேன். அதை நீங்கள் மறந்திருப்பீர்கள்.

புல்லுக்கு வருகிறேன். காய்ந்த திட்டின் ஓரத்தில் ஒரு கொத்தைப் பிடித்து இழுங்கள். பாய் மாதிரி சுருண்டு வந்தால் கீழே புழு தின்கிறது. வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தால் புழு இல்லை. புல் மஞ்சளாவது நுனியிலிருந்தா, அடியிலிருந்தா என்று பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், கடல் பக்கத்தில் கோடையில் கிணறு உப்பாகும். எவ்வளவு ஒட்ட வெட்டுகிறீர்கள்? எல்லாவற்றையும் விட முக்கியம், எருவென்று என்ன போட்டீர்கள்? உள்ளதை எழுதுங்கள். புல் வக்கீல் அம்மா இல்லை, கதை சொன்னால் கேட்டுக்கொள்ளாது.

சாராள்


விருந்தினர் விடுதி,
21-2-1974

அன்புள்ள சாராளுக்கு,

குழந்தைக்கு அம்மை போட்டதைப் படித்து அன்று முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

நீ சொன்னபடி பார்த்தேன். கொத்து சுருண்டு வரவில்லை, புழு ஒன்றுகூட இல்லை. நுனியிலிருந்துதான் கருகுகிறது, நெருப்பில் காட்டின மாதிரி. கிணற்றுத் தண்ணீர் இளநீர் போல இருக்கிறது. இரண்டு விரற்கடைக்குக் குறைத்து வெட்டுவதில்லை. எரு மக்கிய சாணம்தான், வேறொன்றும் போடவில்லை.

இப்போது பதினோரு இடம் ஆகிவிட்டது. ராஜாராம் சார் தினம் காலையில் வந்து செருப்புக் காலால் காய்ந்த புல்லைத் தேய்த்துப் பார்க்கிறார். ஒன்றும் பேசுவதில்லை. அவர் திட்டினால்கூடத் தேவலை. சீக்கிரம் எழுது சாராள்.

ஏசுபாதம்


ஊரப்பாக்கம்,
26-2-1974

மார்கரெட்டின் அப்பாவுக்கு,

நுனி கருகினால் உப்பு. எங்கள் நர்சரியில் ஒரு தடவை சீமை உரத்தை அளவுக்கு மேல் அள்ளி வைத்துவிட்டு, இப்படி நுனி கருகியதை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீர் நல்ல தண்ணீர் என்கிறீர்கள், சாணம்தான் போட்டேன் என்கிறீர்கள். அப்படியானால் உப்பு எந்த வழியாக வந்தது? காற்றில் வந்தால் புல்வெளி முழுதும் ஒன்றுபோல் கருகும், பதினோரு இடம் பார்த்துக் கருகாது.

எங்கள் நர்சரி லாரி வெள்ளிக்கிழமை புதுப்பட்டினத்துக்குச் செடி ஏற்றிக்கொண்டு வருகிறது. டிரைவர் தாவீது அண்ணன் விடுதி வாசலில் நிறுத்துவார். காய்ந்த இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, மேல்மண் அடிமண் இரண்டையும் ஒரு பழைய டின்னில் போட்டு அவரிடம் கொடுங்கள். பொறுக்காமல் சலிக்காமல் அப்படியே கொடுங்கள்.

சாராள்


விருந்தினர் விடுதி,
4-3-1974

அன்புள்ள சாராளுக்கு,

தாவீது அண்ணனிடம் மண்ணைக் கொடுத்தனுப்பினேன். அவர் அவசரப்பட்டதால் சரியாகப் பார்த்து எடுக்க நேரமில்லை.

இங்கே ஒரு கலாட்டா. சனிக்கிழமை ராஜாராம் சார் காய்ந்த இடத்தில் குனிந்து மோந்து பார்த்தார். "கருவாட்டு நாத்தம் வருது. எவன்யா இங்க கருவாடு அலசின தண்ணிய ஊத்தனது?" என்று கத்தினார். கேட் வாட்ச்மேன் எல்லப்பன் மீனவக் குப்பத்து ஆள். அவன் பெண்சாதி தெய்வநாயகி கருவாடு போட்டு விற்கிறாள். சார் அவனைப் பார்த்தார். "அய்யோ சார், நான் ஊத்தல சார். கருவாட்டத் தூக்கிக்கினு இங்க இன்னாத்துக்கு சார் வரப்போறேன்?" என்று அவன் கும்பிட்டான். சார் கேட்கவில்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டார். எட்டு வருஷ வேலை.

அவராக முடிவு செய்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இனி புல்லுக்கு வழி சொல். அறுபது நாள்தான் இருக்கிறது.

ஏசுபாதம்


ஊரப்பாக்கம்,
9-3-1974

மார்கரெட்டின் அப்பாவுக்கு,

டின்னைச் சாக்கில் கொட்டி விரலால் கிளறினேன். மீன் செதில், நெத்திலித் தலை, கல்லுப்பு. ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு கலந்து கிடக்கிறது. கருவாடு அலசின தண்ணீர் ஊற்றினால் தலையும் கல்லுப்பும் ஒரு சாண் கீழே போகுமா? யாரோ மண்வெட்டி போட்டுக் கொத்திக் கலந்திருக்கிறார்கள். அந்தப் புல்வெளியில் மண்வெட்டி பிடிக்கிறவர் ஒருவர்தான்.

முதலில் புல். கருகிய இடத்து மண்ணை ஒரு சாண் ஆழம் வாரி வெளியே கொட்டுங்கள். கடப்பாரையால் ஒரு முழத்துக்கு ஒரு துளை, இடுப்பு ஆழம் வரை குத்துங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கட்டி நிறுத்துங்கள், இறங்கியதும் மறுபடி கட்டுங்கள். பத்து நாள் விடாமல். உப்பு தண்ணீரோடு கீழே போகும். பிறகு செம்மண் நிரப்பி, கொல்லைப்பக்கத்துப் புல்லை விரல் விரலாகக் கிள்ளி நெருக்கமாக நடுங்கள். ஏப்ரல் கடைசியில் மூடிவிடும்.

இனி எல்லப்பன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் நின்றீர்கள். ராஜாராம் சாரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கிறது. அதை என்னால் படிக்க முடியவில்லை.

சாராள்


விருந்தினர் விடுதி,
2-4-1974

அன்புள்ள சாராளுக்கு,

நீ சொன்னது ஒன்று விடாமல் செய்தேன். நட்ட புல் துளிர்த்துவிட்டது. உன் கைராசியை யாரும் மறுக்க முடியாது.

உன்னிடம் மறைத்துப் பயனில்லை. எல்லப்பன் வீட்டுத் தென்னை குலை தள்ளி நிற்கும். கேட்டேன். "மீன் தலை, குடலு, அல்லாத்தையும் அடியில பொதைப்போம்" என்றான். புல்லுக்கும் நல்லதுதானே என்று புதுப்பட்டினத்தில் கருவாட்டுக் களத்தில் கூட்டி வைத்த தூள் இரண்டு மூட்டை வாங்கி வந்து, புல் மெலிந்திருந்த இடங்களில் கொத்திவிட்டேன். பச்சை மீன் வேறு, உப்புப் போட்டது வேறு என்று எனக்கு உறைக்கவில்லை. வயல்காட்டில் வளர்ந்தவன் நான். குப்பத்துக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

சார் "எல்லப்பன்தானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வாய் திறக்கவில்லை, ஆட்டினேன். இப்போது சொன்னால் எல்லாம் போய்விடும். ஆர்டர் கையில் வரட்டும். மறுநாளே சொல்கிறேன். சத்தியம்.

ஏசுபாதம்


விருந்தினர் விடுதி,
8-5-1974

என் அன்புச் சாராளுக்கு,

கிடைத்துவிட்டது! டைரக்டர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தார்கள். ஆர்டர் திங்கட்கிழமை வந்தது, சாவியும் வந்தது. நாலாம் நம்பர் வீடு. சுண்ணாம்பு அடித்துவிட்டேன். மார்கரெட்டுக்கு ஜன்னலோரம் ஒரு தொட்டியில் செவ்வந்தி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள், பஸ் நிற்கிற இடத்தில் காத்திருப்பேன்.

எல்லப்பன் மச்சானோடு கட்டுமரத்தில் போகிறான். பிழைப்பு நடக்கிறது என்று சொன்னார்கள். ஆறிப்போனதை ஏன் கிளற வேண்டும்? யோசித்துப் பார்.

உன் ஏசுபாதம்


ஊரப்பாக்கம்,
14-5-1974

மார்கரெட்டின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தேன். முந்தின பஸ்ஸில் வந்து, நீங்கள் நின்ற இடத்துக்கு முன்பே குப்பத்தில் இறங்கிவிட்டேன். எல்லப்பன் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனேன். அவளிடம் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன்.

தெய்வநாயகிக்கு நான் யாரென்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் வூட்டுக்காரரு தங்கமான மனுசன்மா. எங்க ஆளுக்கு வேலை போன அன்னிக்கு ஒருத்தரும் எட்டிப் பாக்கல. அவருதான் ஒரு படி அரிசி எடுத்துக்கினு வந்தாரு. இவுரு எட்டு வருசம் கழிச்சுக் கடலுக்குப் போறாரு. மூச்சு வாங்குது. கரைக்கு வர்ற வரைக்கும் எனுக்கு உசுரு இல்ல" என்றாள். எனக்கு மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள்.

நான் சாப்பிட்டேன். சொல்லவில்லை. சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உங்களை எத்தனை பேசினேன், நானும் அவள் சோற்றைத் தின்றுவிட்டுத் திருடி மாதிரி அடுத்த பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன்.

அந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது. அந்தக் குழாய்த் தண்ணீரை என்னால் குடிக்க முடியாது. அந்த அரிசியை நீங்கள் எந்த மனதோடு கொண்டு போனீர்கள் என்று மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இதற்குமேல் நான் எழுதப் போவதில்லை.

சாராள்


விருந்தினர் விடுதி,
3-6-1974

சாராளுக்கு,

பதில் வேண்டாம், தெரிவிக்க மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை முதலில் எல்லப்பன் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போட்ட கருவாட்டுத் தூள், நான் ஆட்டிய தலை, எல்லாம் சொன்னேன். எல்லப்பன் குனிந்து வலையையே பிரித்துக்கொண்டிருந்தான். தெய்வநாயகி உள்ளே போய் ஒரு படி அரிசி அளந்து கொண்டுவந்து என் துண்டில் கொட்டினாள். "எடுத்துக்கினு போ" என்றாள். அதைச் சுமந்துகொண்டே ராஜாராம் சாரிடம் போனேன்.

எல்லப்பன் இன்று காலை முதல் கேட்டில் நிற்கிறான். என் ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். புல் தெரிந்த ஆள் வேறு இல்லை என்பதால் தினக்கூலிக்கு வைத்துக்கொள்கிறார்கள். வியாழக்கிழமை நாலாம் நம்பரைக் காலி செய்து குடிசைக்குப் போகிறேன். தினம் இரண்டு வேளை எல்லப்பனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். இன்று அவன் கேட்டைத் திறந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

குரோட்டன்ஸ் செத்ததும் என்னால்தான். செங்கல்பட்டு போய் அந்த அம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அவர்களுக்கு எது என்றே நினைவில்லை.

உன்னை வா என்று கேட்க எனக்கு வாயில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்.

ஏசுபாதம்


தபால் கார்டு
ஊரப்பாக்கம், 5-6-1974

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் மார்கரெட்டும் வருகிறோம். மழைக்கு முன்னால் கூரைக்குப் புதுக் கீற்று வேண்டும், குறைந்தது அறுபது வாங்கி ஊற வையுங்கள். குப்பத்தில் இறங்கித் தெய்வநாயகியைப் பார்த்துவிட்டுத்தான் குடிசைக்கு வருவேன், நானும் அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மார்கரெட் உங்களிடம் உடனே ஒட்டமாட்டாள், கொஞ்ச நாள் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

சாராள்