டேப்லெட் போதுமா என்று கேட்டாயே

சேலையூர்

அன்பு மகள் பிளஸ்ஸிக்கு,

ஆண்டவருடைய கிருபை உன்னை அந்தக் குளிர் தேசத்திலும் காத்துவருகிறது என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்வருகிறோம். சுகம் என்ற சொல்லை மட்டும் இந்த முறை சற்றுத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன். போன மாதம் பேசும்போது நீ ஒன்று கேட்டாய். லேப்டாப் பழசாகிவிட்டதென்றால் அப்பாவுக்கு விலை குறைந்த ஒரு டேப்லெட் போதாதா, இப்போது அதிலேயே எல்லா வேலையும் முடிகிறதே, நானே இங்கிருந்து அனுப்பி வைக்கட்டுமா என்று. கடையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்த்தாயிற்று. பதிலை போனில் சொல்ல முடியாது. நம் வீட்டு போன் ஸ்பீக்கரில்தான் பேசும் என்பது உனக்குத் தெரியும், அப்பா பக்கத்தில்தான் இருப்பார். அதனால்தான் காகிதம்.

லேப்டாப் கெட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னது அப்பாதான், நானும் அதையே சொன்னேன். திரை மங்கிப்போய்விட்டது என்று ஆறேழு மாதமாகவே அவருக்குக் குறை. என் மூக்குக்கண்ணாடித் துணியால் தினமும் துடைத்துக் கொடுப்பேன், கொஞ்சம் பரவாயில்லை என்பார். சபையின் மாத மடலை அவர்தானே தட்டச்சு செய்கிறார், ரயில்வே ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அது அவர் பொறுப்பு. செப்டம்பர் மடலில் பிறந்தநாள், திருமண நாள், ஜெப விண்ணப்பம் இருக்கிற பக்கம் முழுவதும் தமிழுக்கு மாற்றும் விசையைத் தட்டாமலே அடித்து, ஆங்கில எழுத்துக் குப்பையாகவே செயலாளர் அப்பாதுரைக்கு அனுப்பிவிட்டார். அப்பாதுரை போன் செய்து, "அண்ணே, பக்கம் பூரா அந்நிய பாஷையா கீதே, அர்த்தம் சொல்ல யாரைக் கூப்பிடறது?" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, இந்த லேப்டாப்பை நம்பவே முடியவில்லை என்றார். விசையைப் பார்க்காமல் அடிப்பதுதான் அவர் படித்த படிப்பு, ஆனால் வரிக்கு வரி நிமிர்ந்து திரையைப் பார்ப்பவர் ஆயிற்றே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரிகூட ஒருநாள் கேட் அருகே நிறுத்தி, "இன்னா டீச்சர், அங்கிளுக்கு எம்மேல இன்னா கோவம்? பக்கத்துலயே நின்னுகினு சிரிக்கிறேன், மதிக்காம போறாரு" என்று கேட்டாள். அவர் ஏதோ யோசனையில் போயிருப்பார் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். இத்தனை வருடம் பின் பெஞ்சில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கரும்பலகையைப் பார்க்கிற பிள்ளைகளைக் கண்டுபிடித்து முன்னால் உட்கார வைத்தவள், எதிர் நாற்காலியில் இருப்பவரைக் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை இருவரும் மேற்குத் தாம்பரத்தில் அந்தப் பெரிய கடைக்குப் போனோம். வினிதா என்று ஒரு பெண், நல்ல பொறுமைசாலி, விலை குறைந்த டேப்லெட்டுகளாக எடுத்து வரிசையாக வைத்தாள். இதில் படம் பார்க்கலாம், வேதம் வாசிக்கலாம், எழுதலாம், சார்ஜ் நாள் முழுக்க நிற்கும் என்றெல்லாம் சொன்னாள். எனக்கும் பிடித்திருந்தது, கையில் ஒரு ஸ்லேட்டைப்போல லேசாக இருந்தது. அப்பா அதை வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்து, அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதுவும் மங்கலாத்தான் இருக்கும்மா, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டு" என்றார். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபுல்லாதான் அங்கிள் வெச்சிருக்கேன். எனக்கே கண்ணு கூசுது" என்றாள். அப்பா டேப்லெட்டை மேசையில் வைத்து, அதன் கண்ணாடிமேல் பத்து விரலையும் வைத்தார். விரல்கள் எதையோ தேடிக்கொண்டே இருந்தன. திரையில் என்னென்னவோ திறந்து மூடிக்கொண்டிருந்தது. பார்க்காமல் அடிக்கிற விரலுக்கு இடம் காட்ட நடு வரிசையில் இரண்டு விசையில் சின்ன மேடு இருக்குமே, அது எங்கே என்று கேட்டார். டச்சில் அதெல்லாம் வராது என்றாள் அவள். "அப்போ சரி" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, பிளஸ்ஸி. அவருக்கும் அப்போதுதான் தெரிந்ததா, முன்பே தெரிந்து லேப்டாப்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கையில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், எனக்குத் துணையாகப் பிடிப்பதுபோல.

கண் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் அழுத்தம் பல வருடமாகக் கூடிக்கொண்டே வந்திருக்கிறது, வலியே தெரியாது, பக்கவாட்டுப் பார்வையிலிருந்து மெல்ல மெல்லத் தின்றுகொண்டு வரும் என்றார். வலது கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. இடது கண்ணில் நடுவில் ஒரு வட்டம் மிச்சம் இருக்கிறது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், டைப் அடிக்கலாமா என்று. தாராளமாக அடிக்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "பிளஸ்ஸிகிட்ட சொல்லாதே யூனிஸ். வேலைய விட்டுட்டு வந்து நிப்பா" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. ஏனென்றால் எழுந்து வரும்போது டாக்டர் என்னைக் கேட்டார், பிள்ளைகள் உண்டா, அவர்களும் கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும், இது குடும்பத்தில் இறங்கக்கூடியது என்று. அப்பாவின் சொல்லை மீறி உனக்கு எழுதுவது அதற்காகத்தான். உனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிடாதே. அவருக்கும் நன்றாகத்தான் தெரிந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வகுப்பில் பிள்ளைகள் அளவுகோல் நல்லதா, நாடா நல்லதா என்று கேட்பார்கள். எதை அளக்கப் போகிறாய் என்று திருப்பிக் கேட்பேன். மேசையென்றால் அளவுகோல் போதும், மரத்தின் சுற்றளவென்றால் நாடாதான். டேப்லெட்டும் அப்படித்தான். எனக்கென்றால் போதும். உன்னோடு முகம் பார்த்துப் பேச, கீர்த்தனை கேட்க, கரண்ட் பில் கட்ட அதற்குமேல் எனக்கு எதற்கு. ஆனால் மின்சாரம் போன நேரத்தில் நம் சமையலறையை நினைத்துப் பார். உப்பு ஜாடி சொரசொரப்பு, காப்பித்தூள் டப்பாவுக்கு மூடி உயரம், சர்க்கரை டப்பாவில் ஒரு நசுங்கல். கையே எடுத்துக் கொடுத்துவிடும். அதே டப்பாக்களைக் கண்ணாடிப் பலகையில் படமாக வரைந்து வைத்தால் இருட்டில் நான் எதை எடுப்பேன்? அப்பா இருப்பது அந்த இருட்டில். அந்தக் கடையிலேயே டேப்லெட்டோடு மாட்டுகிற கீபோர்டும் இருந்தது, மறுபடி நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். விசையும் மேடும் அதில் இருக்கின்றன, ஆனால் மேசை வேண்டும். மடியில் வைத்தால் மடங்கி விழுகிறது, அப்பா மடியில் வைத்துத்தான் எழுதுவார். ஆகவே அனுப்ப வேண்டாம். பழைய லேப்டாப்புக்கு ஒன்றுமே ஆகவில்லை, பிளஸ்ஸி. அது நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்தை நாலு மடங்கு பெரிதாக்கி, கறுப்பில் மஞ்சளாக வைத்திருக்கிறேன். தமிழுக்கு மாற்றும் விசை விரலுக்குத் தெரிய வேண்டுமே என்று சாமுண்டீஸ்வரியிடம் விவரம் சொன்னபோது, தன் கல்பதித்த ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை எடுத்துவந்து அவளே ஒட்டிவிட்டுப் போனாள், போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா தடவிப் பார்த்து, "நம்ம வீட்ல முதமுதல்ல பொட்டு வெச்சது லேப்டாப்புக்குத்தான். போதகர் வந்தா மூடி வை" என்றார். அன்றைக்கு மட்டும் சிரித்தார்.

மடல் வேலை போய்விட்டது. அப்பாதுரை நேரில் வந்து, அண்ணே நீங்க ஓய்வெடுங்க, எம் பொண்ணு ஏஞ்சல் போன்லயே அடிச்சிடுவா என்று மரியாதையாகத்தான் சொன்னார். அப்பாவும் மரியாதையாகச் சம்மதித்தார். ஆனாலும் மத்தியானம் தூங்கி எழுந்ததும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏதாவது அடிக்கிறார். யாருக்கு என்று நான் கேட்பதில்லை. கேம்ப் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், மழைத் தண்ணீரில் பள்ளம் தெரியவில்லை, அதனால் வெளியே தனியாக விடுவதில்லை. இந்தக் கடிதத்தையும் அவர் எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். யாருக்கு என்று கேட்டார், உனக்கு என்றேன். முன்பென்றால் எழுந்து வந்து, என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, ஒற்றெழுத்து விட்டுவிட்டேன் என்று ஆசிரியைக்கே பாடம் எடுப்பார். இன்று, மழைச் செய்தியை எழுதிவிடு என்று மட்டும் சொன்னார்.

உடனே டிக்கெட் எடுத்துவிடாதே. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறாற்போல வா. முதலில் உன் கண்ணைக் காட்டு, டாக்டர் சொன்னதை எனக்கு மட்டும் எழுது. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன் கண்களுக்கு வெளிச்சமாக இருப்பாராக. அப்பாவிடமிருந்து இனி உனக்கு மெயில் வரும், எழுத்துகள் இடம் மாறியிருக்கும். திருத்தி எழுதாதே, என்ன ஆயிற்று என்றும் கேட்காதே. இதை மடித்து வைத்தபின் உன் லேப்டாப்பைத் திற, கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டு மேடுகளையும் விரலால் தேடு, கண்ணைத் திறக்காமலே அப்பாவுக்கு நாலு வரி அடித்துப் பார்.

உன் அன்புள்ள அம்மா,
யூனிஸ் தனசிங்