கடல் வற்றிய ஊருக்குப் புதிதாய் வந்தவர்கள்

கெர்கென்னா தீவு
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகள் ரீமுக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், அங்கே பனி விழத் தொடங்கிவிட்டது என்றாய், காலுக்குக் கம்பளி போட்டுக்கொள், ஆஸ்பத்திரி வேலை என்று பட்டினி கிடக்காதே. இங்கே நானும் வாப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், உனக்கு ஒன்றும் விளங்காது, அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

உன் தம்பியின் கூட்டாளி நூரி இத்தாலிக்கு ஏறிப்போன படகு கவிழ்ந்த செய்தி உனக்குத் தெரியும். அன்று சுவரைப் பார்த்துப் படுத்த உன் தம்பி மெஹ்ரெஸ் எழுந்திருக்கவே இல்லை. வாப்பா அவர் வழக்கப்படி, பேய்க்கணவாய்கூட நாம கடல்ல போடற பொறிச் சட்டிக்குள்ள இருந்து தலைய நீட்டிப் பார்க்குதுடா, நீ ஒரு தடவ திரும்பக் கூடாதா என்று கேலி செய்து பார்த்தார், அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அப்போதுதான் உன் விளையாட்டு நினைவுக்கு வந்தது, நீ கதை சொல்லி நடத்த, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு பகடை உருட்டி வெள்ளிக்கிழமைதோறும் நம் முன்னறையில் நீங்கள் போட்ட கூச்சல். உன் பழைய கூட்டத்தில் இங்கே மிச்சம் இவன் ஒருவன்தான். அதனால் புதிதாக இரண்டு பேரைப் பிடித்தேன், படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பக்கத்து வீட்டு குஃப்ரான், கப்பல் துறையில் டிக்கெட் கிழிக்கும் பஷீர். அக்கா இல்லாம யாரு நடத்துவா என்று படுக்கையிலிருந்தே கேட்டான் உன் தம்பி. நான் நடத்துறேன்டா என்றேன்.

புதியவர்களுக்கு முதலில் ஊரைச் சொல்ல வேண்டுமே, சமையலறையிலிருந்து கேட்டதை வைத்துச் சொன்னேன். ஊரின் பெயர் ஸர்கூன், ஒரு விடியலில் கடல் எழுந்து போய்விட்டது, படகுகள் உப்புத் தரையில் சாய்ந்து கிடக்கின்றன, சனங்கள் அவற்றுக்குள் குடியிருக்கிறார்கள். மழைக்காரிகள் மூவர் தண்ணீர் விற்கிறார்கள், ஒரு குடத்துக்கு விலை வாங்குகிறவரின் ஒரு நினைவு. உப்புக்கு அடியில் மிருகங்கள் மூச்சு விடுகின்றன, கடலைத் தேடிப் போனவர் எவரும் திரும்பியதில்லை. பஷீர் சிரித்துவிட்டு, மாமி, இது நம்ம ஊருதானே, பேர மட்டும் மாத்திட்டீங்க என்றான். மிருகங்கள் பகலில் தூங்கும் என்று நான் சொன்னதும் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. உம்மா, தப்பு தப்பா சொல்லாதீங்க, அது ராத்திரிதான் தூங்கும் என்றபடி மெஹ்ரெஸ் வாசலில் நின்றான். பிறகு உட்கார்ந்தான். பகடையைக் கையில் எடுத்தான். ரீம், அவன் சிரித்தான்.

பிள்ளை திரும்பக் கிடைத்துவிட்டான் என்று நான் நினைத்த நேரத்தில் குஃப்ரான் கேட்டாள், சரி மாமி, இந்த ஊர்ல நாங்க என்ன பண்ணணும், எதுக்கு இங்க இருக்கணும் என்று. நீ நடத்தும்போது எல்லோரும் முதல் நாளே கடலைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள், எனக்கோ ஒருவரையும் அனுப்ப மனமில்லை. கிணற்றைக் காவல் காக்கணும் என்றேன். கிணறு வத்திட்டா என்றாள். நான் தேநீர்க் கிண்ணங்களை எடுத்து அடுக்கினேன். உன் தம்பி மெல்ல என் கையைத் தொட்டு, விடு குஃப்ரான், இருக்கறதுக்கு ஒரு காரணம் அக்காவே வைக்கல, உம்மா பாவம் காரணத்துக்கு எங்க போவாங்க என்றான். பகடையை உருட்டினான், ஆட்டத்தில் அவனுடைய ஆள் உப்பில் இறங்கி நடந்தான். அன்று இரண்டு கிண்ணம் பார்லிக் கஞ்சி குடித்தான், என் தலையில் முத்தமிட்டான்.

அடுத்த வாரம் ஒரு விடியலில் அவன் படுக்கை காலி. அக்கரைக்குப் போகும் கப்பலில் ஏறவில்லை என்று பஷீர் சத்தியம் செய்கிறான், வடகரையிலிருந்து ஒரு படகு நிறைய ஆட்களோடு போனதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. ரீம்கிட்ட சொல்லாத, வந்துடுவான் என்று வாப்பாதான் தடுத்துவைத்தார். நேற்று அவர் அக்கரையில் ஸ்ஃபாக்ஸ் போய்ப் பிணவறையில் பார்த்துவிட்டு வந்தார், அங்க இல்ல என்றார், அது நல்ல செய்தியா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவர் இப்போது கேலி பேசுவதில்லை.

இன்று அந்த இருவரும் வந்தார்கள், வேறு எங்கே போவது என்று தெரியாமல்தான் வந்திருப்பார்கள். மெஹ்ரெஸோட ஆள என்ன பண்றது மாமி, நடந்துகிட்டே இருக்கானா என்று குஃப்ரான் கேட்டாள், பஷீர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நடத்துகிறவள் சொன்னால் சொன்னதுதான், அது நீ வைத்த விதி. அவன் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆட்டத்தில் அது வெற்றி. எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை, மகளே. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உன் விளையாட்டின் மேல் பழி போடாதே, அது அவனுக்கு ஒரு பகல் சிரிப்பைக் கொடுத்தது. இத்தாலியிலிருந்து தெரியாத எண் எது வந்தாலும், வேலை நேரம் என்று பார்க்காமல் எடு. அல்லாஹ் உன்னையாவது எனக்கு விட்டுவைக்கட்டும், உன் காலடிக்குக் கீழே எப்போதும் தரை இருக்கட்டும்.

உன் உம்மா,
ஸலூஹா